தீவுகளில் முதலில் கெடுவது கிணறு

கடலூர் முதுநகரில் உப்பனாற்றைத் தாண்டினால் சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல், நடுவில் மணல். இப்படிப்பட்ட மணல்திட்டில் கையால் ஊற்றுத் தோண்டினால் நல்ல தண்ணீர் வரும், அதே இடத்தில் ஆழமாகப் போர் போட்டால் கரிக்கும். கடலோரத்துக்காரர்களுக்கு இது தெரிந்த விஷயம். மாலத்தீவு, துவாலு, கிரிபாட்டி போன்ற தாழ்ந்த தீவுகளில் கிணறுகள் நிலைப்பதும் இதே கணக்கில்தான்.

மணலில் இறங்கும் மழைநீர் கடல்நீர்மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் லிட்டருக்கு 1000 கிராம், கடல்நீர் சுமார் 1025. இந்த 25 கிராம் வித்தியாசத்தால், நிலத்தடி நீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால் கீழே 40 அடி வரை நல்ல தண்ணீர் தேங்கும். இது ஏட்டுக் கணக்கு. பவளத்தீவுகளில் அவ்வளவு கிடைக்காது. மேலே இருப்பது மணலும் பவளத் துண்டுகளும். சுமார் 15 முதல் 25 மீட்டருக்குக் கீழே ஓட்டையும் பொந்துமான பழைய சுண்ணாம்புப் பாறை வந்துவிடும். அதற்குள் ஓதத்தோடு, அதாவது கடலின் ஏற்ற இறக்கத்தோடு, கடல்நீர் தாராளமாகப் போய்வருவதால் நன்னீர் அதற்குக் கீழே தேங்காது.

இதே கணக்கு தலைகீழாகவும் வேலை செய்யும். மோட்டார் போட்டு நீர்மட்டத்தை 10 சென்டிமீட்டர் இறக்கி அப்படியே வைத்திருந்தால், அடியிலிருக்கும் உப்புநீர் 4 மீட்டர் வரை மேலேறப் பார்க்கும். ஒரே துளையில் உறிஞ்சுவது இதனால்தான் ஆபத்து. கிரிபாட்டியின் தெற்குத் தராவாவில் நீர்மட்டத்தை ஒட்டி, துளையிட்ட குழாய்களைப் படுக்கைவாக்கில் புதைத்து மெல்ல எடுக்கிறார்கள்.

1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 2006 முதல் 2018 வரை வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். கடல் உயரும்போது நன்னீரும் கூடவே மேலே வரும். மேடான ஊரில் அதற்கு இடம் உண்டு. மாலத்தீவின் நிலத்தில் சுமார் 80 சதவீதம் கடல் மட்டத்திலிருந்து 1 மீட்டருக்குள்ளேயே இருக்கிறது. அங்கே மேலே வந்த நீர் பள்ளங்களில் வெளிப்பட்டு வெயிலில் வற்றிப்போகும். துவாலுவில் குழி வெட்டி, நிலத்தடி நீர் எட்டும் ஆழத்தில் புலாக்கா என்ற பெரிய சேம்பை வளர்க்கிறார்கள். குழியில் உப்பு ஏறினால் கிழங்கு அழுகிவிடும்.

1971 முதல் 2014 வரை துவாலுவின் 101 தீவுகளை அளந்த ஆய்வில் மொத்த நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருந்தது. அலைகள் மணலையும் பவளத் துண்டுகளையும் கரையேற்றுவது இதற்கு ஒரு காரணம். இதை வைத்துத் தீவுகளுக்கு ஆபத்தில்லை என்று எழுதுவது பெரிய தவறு. பரப்பு கூடினாலும் அலை ஏறிவந்தால் கிணறு போய்விடும். 2005இல் பெர்சி புயலின்போது குக் தீவுகளின் புகாபுகாவில் கடல் ஏறியது. நன்னீர் தேற ஏறக்குறைய 11 மாதம் பிடித்தது. அடுத்தடுத்து அலை ஏறினால் தேறுவதற்கு அவகாசமே இருக்காது.

உப்பு எவ்வளவு சேர்ந்தால் தண்ணீர் கெடும்? கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19,000 மில்லிகிராம் குளோரைடு. குடிநீருக்கு இந்தியத் தரநிலை 250, வேறு வழியில்லையென்றால் 1000. நூறு குடத்தில் இரண்டே குடம் கடல்நீர் கலந்தாலும் 250ஐத் தாண்டிவிடும்.

எங்கள் கடற்கரையிலும் இதே அளவுகோல் பொருந்தும். கிணற்றில் மாதம் ஒருமுறை, ஓதம் ஒரே நிலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரால் அளந்து எழுதி வையுங்கள். ஒரு நாள் எண்ணைவிட அது ஏறுகிறதா என்பதுதான் முக்கியம். ஏறினால், மோட்டாரைக் கொஞ்சக் கொஞ்ச நேரமாக, இடைவெளி விட்டு ஓட்டுங்கள். போரை இன்னும் ஆழப்படுத்தவே கூடாது, அது உப்புநீரைத் தேடிப் போவதாகும். கடல்நீர் கிணற்றில் புகுந்துவிட்டால் உள்ளே நிற்பதை மட்டும் ஒருமுறை இறைத்துத் தள்ளி வெளியே கொட்டுங்கள். 2004 சுனாமிக்குப் பின் இலங்கையில் சுத்தம் செய்வதாக நினைத்து விடாமல் இறைத்த இடங்களில் அடி உப்பு மேலேறியது. மீதியை மழைதான் கழுவ வேண்டும்.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒரு வழி. லட்சத்தீவின் கவரத்தியில் 2005 முதல் ஆழ்கடலின் குளிர்ந்த நீரைக் கொண்டு நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் எடுக்கும் ஆலை இருக்கிறது. ஆனால் ஒரே ஆலையை நம்புவது சரியல்ல. 2014 டிசம்பரில் மாலத்தீவின் தலைநகர் மாலேயின் ஆலையில் தீப்பிடித்தபோது இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்ப வேண்டியிருந்தது.

வீட்டுக்கூரை அதைவிட நம்பகமானது. 100 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர். மாடி கழுவிவரும் முதல் 200 லிட்டரை விட்டுவிட்டு மீதியைத் தொட்டியில் பிடியுங்கள். தொட்டி நிரம்பி வழிவதைச் சாக்கடைக்கு விடாமல், கிணற்றிலிருந்து சில அடி தள்ளி ஜல்லியும் மணலும் போட்ட குழியில் இறக்குங்கள். ஐப்பசி தொடங்குமுன் அந்தக் குழியின் மேல்மணலில் படிந்த வண்டலைச் சுரண்டி எடுக்காவிட்டால் தண்ணீர் கீழே இறங்காது.