பேஸ்லிப்பில் இரண்டு எழுத்து: அக்கா மகனின் வரிக் குறியீட்டைச் சரிசெய்த அனுபவம்

அக்கா மகன் லண்டனில் கல்லூரி முதலாண்டு படிக்கிறான். வயது 19. ஸ்டேடியங்களில் போட்டி நடக்கும் நாட்களில் சாப்பாட்டுக் கவுன்ட்டரில் நிற்கிற வேலை, ஓர் ஏஜென்சி மூலமாக. கூப்பிட்டால் போக வேண்டும். கூப்பிடாத வாரம் சம்பளம் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் இரண்டு பேஸ்லிப்பை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மாமா, இவ்வளவு வரி பிடிப்பாங்களா?" என்று கேட்டான்.

அக்டோபரில் மொத்தச் சம்பளம் 600 பவுண்டு, வரி 120. நவம்பரில் 450, வரி 90. சம்பளத்திலிருந்து அரசு பிடிக்கிற இன்னொரு தொகையான நேஷனல் இன்சூரன்ஸ் இரண்டு மாதமும் பூஜ்யம்.

18 முதல் 20 வயது வரை உள்ளவர்களுக்கு அப்போது குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10 பவுண்டு. அப்படியானால் அக்டோபரில் அவன் 12 மணி நேரம் கால் கடுக்க நின்று சம்பாதித்தது அப்படியே வரியாகப் போயிருக்கிறது. ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை வருமான வரி கிடையாது என்கிற நாட்டில், அதில் பாதியைக்கூட எட்டாத பையனிடம்! எனக்கு மனசு ஆறவில்லை.

பேஸ்லிப்பைப் பார்த்ததுமே இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. வரி இல்லாத 12,570 பவுண்டை மாதக் கணக்கில் வகுத்தால் ஏறக்குறைய 1,048 வரும். நேஷனல் இன்சூரன்ஸ் பிடிக்கத் தொடங்குகிற மாத வரம்பும் அதே 1,048தான். ஒன்று பூஜ்யமாக இருக்கும்போது மற்றது மட்டும் ஏன் பிடிக்கப்பட வேண்டும்? அடுத்தது, 600இல் 120 என்பது துல்லியமாக 20 சதவீதம். வரியில்லாத தொகையைக் கழிக்காமல், முதல் பவுண்டிலிருந்தே பிடித்திருக்கிறார்கள். பேஸ்லிப்பின் மூலையில் 'டாக்ஸ் கோடு', அதாவது வரிக் குறியீடு என்ற இடத்தில் 'பி.ஆர்.' என்று போட்டிருந்தது.

ஒரே ஒரு வேலை செய்பவருக்கு வழக்கமாக வரும் குறியீடு 1257எல். 12,570இன் கடைசி இலக்கத்தை எடுத்துவிட்டால் வரும் எண்தான் அது. பி.ஆர். என்றால் இந்த வேலைக்கு வரியில்லாத தொகை எதுவும் இல்லை, மொத்தத்துக்கும் 20 சதவீதம் என்று பொருள். 0டி என்று இருந்தாலும் இந்த அளவு சம்பளத்தில் பிடித்தம் அதேதான். 1257எல்லுக்குப் பின்னால் எம்1 அல்லது டபிள்யூ1 என்று ஒட்டியிருந்தால் அதையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு மாதத்தையும் வாரத்தையும் தனித்தனியாக எடுத்துக் கணக்குப் போடுவார்கள். உதாரணமாக, ஒருவர் நவம்பரில் வேலையே இல்லாமல் டிசம்பரில் 1,500 சம்பாதித்தால், முந்தைய மாதங்களில் மிச்சமான வரியில்லாத் தொகை கணக்கில் சேராது. டிசம்பரில் மட்டும் 90 பவுண்டு போய்விடும். ஒரு மாதம் கொட்டி ஒரு மாதம் காய்கிற இந்த மாதிரி வேலையில் இருப்பவர்களுக்கு அது பெரிய அடி.

சரி, பி.ஆர். எப்படி வந்தது? அவனிடம் துருவித் துருவிக் கேட்டேன். மே மாதத்திலிருந்து கோடை முடியும்வரை ஒரு துணிக்கடையில் ஜீரோ அவர்ஸ் ஒப்பந்தத்தில், அதாவது இத்தனை மணி நேரம் வேலை என்ற உத்தரவாதம் இல்லாமல், இருந்திருக்கிறான். ஏறக்குறைய 2,800 பவுண்டு சம்பாதித்தான், வரி பிடிக்கவில்லை. செப்டம்பருக்குப் பிறகு கடை கூப்பிடவில்லை, இவனும் போகவில்லை. ஆனால் வேலையை விட்டதாக யாரும் எழுத்தில் சொல்லவில்லை. அதனால், வேலையை விடும்போது கடை தர வேண்டிய பி45 என்ற படிவம் வரவில்லை. ஏஜென்சியில் சேரும்போது நிரப்பிய படிவத்தில் 'வேறு வேலையும் இருக்கிறது' என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். காகிதப்படி அது உண்மைதான். அந்தப் பதிலுக்கு ஏஜென்சி பி.ஆர். போட்டதும் விதிப்படிதான்.

அதனால் பி.ஆர். என்ற எழுத்தை மட்டும் வைத்துச் சரி, தப்பு என்று சொல்லிவிட முடியாது. அந்த 12,570 இப்போது எந்த வேலையில் கட்டுண்டு கிடக்கிறது என்பதுதான் கேள்வி. இவன் விஷயத்தில், சம்பளமே தராத கடையில் அது முடங்கிக் கிடந்தது.

முதலில் ஏஜென்சியின் சம்பளப் பிரிவுக்கு அவனையே எழுதச் சொன்னேன். வரித்துறையான ஹெச்எம்ஆர்சியிடமிருந்து புதுக் குறியீடு வராமல் தாங்கள் மாற்ற முடியாது என்று பதில் வந்தது. அடுத்து ஹெச்எம்ஆர்சியின் செயலி. நேஷனல் இன்சூரன்ஸ் எண்ணும் பாஸ்போர்ட்டும் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தோம். அடையாளத்தைச் சரிபார்க்கிற கட்டம்தான் கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும், அதன்பின் எளிது. உள்ளே போனால், நடப்பு வேலைகள் பட்டியலில் துணிக்கடை இன்னும் இருந்தது, 1257எல்லோடு. கோடையில் வாங்கியதை வைத்து ஆண்டு முழுதுக்கும் பெருக்கி ஒரு பெரிய தொகையை எதிர்பார்ப்பு வருமானமாகப் போட்டிருந்தார்கள். ஏஜென்சி அதற்குக் கீழே பி.ஆரோடு இருந்தது.

கடை மேலாளருக்கு, இனி வரப்போவதில்லை, பி45 வேண்டும் என்று இரண்டே வரியில் மின்னஞ்சல் போட்டான். அது வந்ததும், கடை வேலை முடிந்த தேதியைச் செயலியில் பதிந்தான். ஏஜென்சி வேலைக்கான எதிர்பார்ப்பு வருமானத்தையும் உண்மை நிலவரத்துக்கு ஏற்ப குறைத்துப் போட்டான். செயலி ஒத்துவராதவர்கள் 0300 200 3300 எண்ணில் பேசலாம். ஆனால் பிள்ளையே பேச வேண்டும். பிள்ளையின் அனுமதி இல்லாமல் அம்மா, அப்பா, மாமா யாரிடமும் ஹெச்எம்ஆர்சி விவரம் சொல்லாது. அதுவும் நியாயம்தான்.

கொஞ்ச நாளில் புதுக் குறியீடு 1257எல் என்று செயலியில் தெரிந்தது. பின்னால் எம்1 எதுவும் இல்லை. அதன் பிரதி ஏஜென்சிக்கும் தானாகவே போய்விடும். டிசம்பர் பேஸ்லிப்பில் சம்பளம் 1,100. நேஷனல் இன்சூரன்ஸ் 4.16. வரி என்ற இடத்தில் 210, அதன் முன்னால் ஒரு மைனஸ் குறி. ஆண்டுத் தொடக்கத்திலிருந்து வாங்கியது மொத்தம் 4,950தான் என்று கணக்குப் பார்த்து, பிடித்ததை முழுக்கத் திருப்பித் தந்துவிட்டார்கள். பையன் அந்த மைனஸை வட்டம் போட்டு எனக்கு அனுப்பினான்.

'மாணவர்களுக்கு வரி கிடையாது' என்று நம்மவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. அப்படி ஒரு விலக்கு இல்லை. வருமானம் வரம்பைத் தாண்டாததால்தான் பெரும்பாலான மாணவர்களுக்கு வரி வருவதில்லை. அதேபோல், வரியைத் திரும்பப் பெற்றுத் தருகிறோம் என்று கமிஷன் கேட்கிற நிறுவனங்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். இது இலவசமாக நாமே செய்துகொள்கிற வேலை. ஏப்ரல் 5இல் நிதியாண்டு முடிந்துவிட்டாலும் பயப்பட வேண்டாம், கடந்த 4 ஆண்டுகள் வரை கூடுதலாகக் கட்டியதைக் கேட்டு வாங்கலாம்.

இவன் சொல்லி, கூட வேலை செய்கிற பெண்ணும் தன் பேஸ்லிப்பைப் பார்த்தாள். அங்கேயும் பி.ஆர். ஆனால் அவள் சனிக்கிழமை ஒரு காபிக் கடையிலும் இப்போதும் வேலை செய்கிறாள். எந்த வேலையையும் முடிந்ததாகக் காட்ட முடியாது. இரண்டையும் கூட்டினாலும் 12,570ஐ எட்டாது என்பதால், வரியில்லாத் தொகையை இரண்டு வேலைக்கும் பிரித்துத் தரும்படி ஹெச்எம்ஆர்சியிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கு இரண்டு இடத்திலும் ஆண்டுக்கு எவ்வளவு வரும் என்று ஓரளவு சரியாகச் சொல்ல வேண்டும். இரண்டு வேலையின் பேஸ்லிப்பையும் வைத்துக்கொண்டு இப்போது அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.