ஆளைப் பார்த்துத்தான் ஓட்டா?

"நான் கட்சி பார்க்க மாட்டேன், ஆளைப் பார்த்துத்தான் ஓட்டு" என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. (நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான்.)

1940 அமெரிக்க அதிபர் தேர்தல். ஒஹாயோ மாநிலத்தின் ஈரி கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) சமூகவியலாளர் பால் லாசர்ஸ்ஃபெல்ட் குழு 600 பேர் வீட்டுக் கதவை மே முதல் நவம்பர் வரை மாதாமாதம் தட்டி, யாருக்கு ஓட்டு என்று கேட்டது. ஏறக்குறைய பாதிப் பேர் மே மாதமே முடிவு செய்துவிட்டார்கள். இதில் வேடிக்கை, குடியரசுக் கட்சி வில்கியை வேட்பாளராக அறிவித்ததே ஜூன் கடைசியில். எதிரணியான ஜனநாயகக் கட்சியில் ரூஸ்வெல்ட் பெயர் அறிவிப்பானது ஜூலையில். ஆளே வரவில்லை, ஓட்டு ரெடி!

கடைசிவரை இழுத்தடித்தவர்களில் பலர், வீட்டில் ஒரு கட்சி, பழகுமிடத்தில் இன்னொரு கட்சி என்று நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். பாவம், அவர்களைத்தான் நாம் 'நடுநிலை' என்கிறோம்.