என் நோட்டில் 14 பெயர்கள்

பெரியம்மாவின் காரியத்துக்குப் போன இடத்தில்தான் அந்தப் பேச்சு கிளம்பியது. "மலையில இப்ப வீட்டுக்கு ஒருத்தர் கேன்சர்லதான் போறாங்க. எல்லாம் காப்பித் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து" என்றார் மாமா ஒருவர். தண்ணீர்தான் காரணம் என்றார் இன்னொருவர். நான் சேலத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எண்ணிப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடுமே என்று நினைத்தேன். ஏற்காட்டில் எங்கள் ஊரும் சுற்றியுள்ள நாலைந்து சின்ன ஊர்களும். பத்து வருடத்தில் புற்றுநோயால் இறந்தவர்கள் யார் யார் என்று வீடு வீடாகக் கேட்டு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். இரண்டு வாரத்தில் 14 பெயர்கள் சேர்ந்தன.

வாய்ச்சொல்லை மட்டும் நம்பக் கூடாது என்று இறப்புச் சான்றிதழ்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒன்றில்கூட எதனால் இறந்தார் என்று இல்லை. இத்தனை வருடம் எத்தனையோ சான்றிதழ்களைக் கையில் வாங்கியிருக்கிறேன், இதைக் கவனித்ததே இல்லை. காரணத்தைச் சான்றிதழில் வெளியிடக் கூடாது என்று 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே சொல்கிறது.

கிராமங்களில் வி.ஏ.ஓ.தான் பதிவாளர். அவரிடம் போய் என் பட்டியலைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இதுல 6 பேர்தான் நம்ம பதிவுல இருக்காங்க சார்" என்றார். மீதி 8 பேரைப் பதியாமலே விட்டுவிட்டார்களோ என்று எனக்குக் கோபம் வந்தது. அப்புறம்தான் புரிந்தது. இறப்பை எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊரில்தான் பதிய வேண்டும். பெரியம்மாவை 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறக்கிச் சேலத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், அங்கேயே இறந்தார். அவர் பதிவு சேலம் மாநகராட்சியில். அந்த 8 பேர் கதையும் அதேதான். ஆக, பதிவான இடத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் மலையில் சாவே குறைவு என்று வரும். நாமக்கல்லிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வந்து இறந்தவர்களையும் சேர்த்துச் சேலம் நகரம் பயங்கரமாகத் தெரியும். படிவத்தில் இறந்தவர் வசித்த ஊருக்கும் இடம் இருக்கிறது. அதை வைத்து யாராவது பிரித்தால்தான் உண்டு.

காரணம் எழுதும் பகுதி புள்ளிவிவரத்துக்கென்று தனியாக மேலே போய்விடுகிறது. அதனால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு போட்டேன்: தாலுகா வாரியாகப் புற்றுநோய் மரணங்கள் வேண்டும் என்று. முப்பது நாள் கெடு முடியும் தறுவாயில், கோரிய வடிவில் தகவல் பராமரிக்கப்படவில்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. எந்த அலுவலகம் என்பது வேண்டாம். மேல்முறையீடு செய்யலாம்தான். எனக்குத் தெம்பு இல்லை.

அந்த நேரத்தில்தான் என்னிடம் படித்த ஒரு பெண்ணைக் கண்டுபிடித்தேன். இப்போது சமூக மருத்துவத்தில் டாக்டர். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டாள்: "சார், இதுல வயசு எங்கே?"

வயசு எதற்குக் கண்ணு என்றேன். கணக்கு வாத்தியாருக்கே கணக்கு நடத்தினாள். ஒரு பேச்சுக்கு, எல்லா ஊரிலும் 60 வயதுக்குக் கீழே லட்சத்துக்கு 50 மரணம், மேலே 500 என்று வைத்துக்கொள்ளலாம். நூற்றுக்குப் பத்துப் பேர் முதியவர்களாக உள்ள ஊரில் மொத்த விகிதம் 95 வரும். முப்பது பேர் முதியவர்களாக உள்ள ஊரில் 185. ஆபத்து இரண்டு ஊரிலும் ஒன்றுதான், விகிதம் மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பு. எங்கள் ஊரில் இளவட்டங்கள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள், இருப்பதெல்லாம் கிழடுகட்டைகள். வயது வாரியாகப் பிரித்து, எல்லா ஊரிலும் இளையவர்களும் முதியவர்களும் ஒரே அளவில் இருப்பதாக வைத்துக் கணக்கைத் திருத்திய பிறகுதான் ஊரோடு ஊரை ஒப்பிட வேண்டுமாம். அதற்கு ஊரின் மக்கள்தொகை வயது வாரியாக வேண்டும். கையில் இருப்பது 2011 கணக்கெடுப்பு!

தமிழ்நாடு முழுவதற்குமான புற்றுநோய்ப் பதிவேடு ஒன்று இருப்பதையும் அவள்தான் சொன்னாள். சென்னைக்கு மட்டும் 1980களின் தொடக்கத்திலிருந்து இருந்தது. 2012இலிருந்து மாநிலம் முழுக்க. அடையாறு புற்றுநோய் நிறுவனம் ஒருங்கிணைக்கிறது. நோயாளி எந்த ஆஸ்பத்திரியில் படுத்தார் என்பதைப் பார்க்காமல் எந்த ஊரில் குடியிருந்தார் என்று பார்த்து எண்ணுகிறார்கள். ஒரே ஆள் இரண்டு ஆஸ்பத்திரியில் இருந்தால் ஒன்றாக்குகிறார்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் ஒப்பிட இதுதான் ஆதாரம். அதிலும் புதிதாகக் கண்டறிந்தவர்கள் வேறு, இறந்தவர்கள் வேறு. பரிசோதனை முகாம் நடந்தால் முதல் எண் ஏறும், அதைப் பார்த்து நோய் பெருகிவிட்டது என்று பயப்படத் தேவையில்லை.

சரி, முதல் ஐந்து வருடத்தில் 5 பேர், அடுத்த ஐந்தில் 9 பேர், இது கூடியதுதானே என்று விடாமல் கேட்டேன். இவ்வளவு சின்ன எண்ணில் 5 என்பது வெறும் தற்செயலாலேயே 2 ஆகவும் வரலாம், 11 ஆகவும் வரலாம் என்றாள். அமெரிக்காவில் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) வாரியாகப் புற்றுநோய் விகிதம் வெளியிடும் தளத்தில் 16க்குக் குறைவான எண்ணிக்கை இருந்தால் அந்த எண்ணையே காட்டுவதில்லையாம். போக்கைச் சொல்லும்போதும், வருடத்துக்கு எத்தனை சதவீதம் மாறியது என்ற மதிப்பீடு தற்செயலால் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று பார்த்து, அந்த எல்லைக்குள் பூஜ்யமும் வந்தால் கூடியது, குறைந்தது என்ற பேச்சே கிடையாது, 'நிலையாக உள்ளது' என்றுதான் போடுவார்கள். பழைய சாவுகளை ஜனங்கள் மறந்திருப்பார்கள் என்பதை நானே சேர்த்துக்கொண்டேன்.

எந்த உறுப்பில் வந்தது என்பதையும் நான் எழுதவில்லை. திரும்பப் போய்க் கேட்டேன். 4 பேருக்கு வாயில். நான்கு பேரும் வெற்றிலையோடு புகையிலை போட்டவர்கள். 3 பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய், அதற்குக் காரணம் ஒரு வைரஸ். மீதியும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இடங்களில். தண்ணீரோ மருந்தோ ஒன்றே இத்தனையையும் செய்திருக்கும் என்று சொல்ல என் நோட்டில் எதுவும் இல்லை.

மாமாவிடம் சொன்னேன். "அப்ப மருந்து காரணம் இல்லைங்கறியா?" என்றார். இல்லை என்றும் சொல்லவில்லை மாமா, 14 பெயரை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றேன். இத்தனை நாள் அலைந்ததற்கு இதுதானா என்பது போல ஒரு பார்வை.

நோட்டில் இப்போது வயது, உறுப்பு, இறந்த இடம், குடியிருந்த ஊர் என்று நான்கு பத்தி சேர்த்திருக்கிறேன். இரண்டு பேரின் வயது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. ஒருவரின் மனைவி, "காமராஜர் முதலமைச்சரா இருந்தப்போ பொறந்தாருங்க" என்கிறார். 1954இலிருந்து 1963 வரை எதுவாகவும் இருக்கலாம், இறந்தது 2018. அறுபதுக்கு இந்தப் பக்கம் எழுதுவதா, அந்தப் பக்கமா? மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மேலே போகும்போது அவர் அண்ணனைப் பிடித்துக் கேட்க வேண்டும்.