தோப்பில் சுண்ணாம்புக் கோடு

ஜனவரி 13, 2026, செவ்வாய்

ஓசூரில் மாலை 6 மணிக்கு ஏறி, காவேரிப்பட்டணத்தில் இறங்கும்போது இரவு 10 ஆகிவிட்டது. பெங்களூரிலிருந்து ஊருக்குப் போகும் கார்கள் சூளகிரிக்கு முன்பே வரிசையில் நின்றன. பாதி தூரம் நின்றுகொண்டே வந்தேன். ஆனாலும் பேருந்தில் எல்லோர் முகத்திலும் ஒரு வெளிச்சம் இருந்தது. தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் மாறி மாறி "எங்கே வந்திருக்கிறோம்" என்று வீட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தார்கள்.

பையில் அம்மாவுக்குப் புடவை, தம்பிக்குச் சட்டை, ஆயாவுக்கு வெற்றிலை இடிக்கும் சின்ன உரல். எல்லாவற்றுக்கும் அடியில் மடித்து வைத்த ஒரு தாள். ஆலையில் என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. இன்னும் ஓராண்டு நீட்டிக்கச் சம்மதமா என்று கேட்கும் படிவம் அது. 19-ஆம் தேதி கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஜனவரி 14, புதன், போகி

காலையிலிருந்து சுண்ணாம்பு வேலை. பின்பக்கச் சுவர் முழுக்க நானும் தம்பியும் அடித்தோம். அரை வாளி மிச்சமாகிவிட்டது. அம்மா அதைக் கொட்டவேண்டாம் என்று மூடி வைத்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் அப்பாவோடு தோப்புக்குக் காப்புக் கட்டப் போனேன். வேப்பிலை, ஆவாரம்பூ, சிறுபீளை மூன்றையும் சேர்த்துக் கட்டி நான்கு மூலையிலும் செருகினோம். இரண்டு ஏக்கர், 80 மாமரம், எல்லாம் பெங்களூரா ரகம். தாத்தா 30 அடிக்கு ஒன்றாக நட்டது. இப்போதுதான் பூக்கொத்து வெளியே வருகிறது. அந்த வாசனை எனக்கு ஓசூர் விடுதியில் கனவில்கூட வரும்.

அப்பா ஒரு கொத்தை வளைத்துத் தத்துப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னார்: "வியாபாரி வந்திருந்தார் பாப்பா. மூணு வருஷத்துக்குக் குத்தகைக்குக் கேக்கறார். மொத்தமாக் கையில குடுத்துடுவார். உன் கல்யாணத்துக்கு ஆகும்."

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. போன ஜூனில் இந்தத் தோப்புக் காய்க்குக் கிலோ 5 ரூபாய்க்கு மேல் யாரும் கேட்கவில்லை. பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் போக ஒன்றும் மிஞ்சாது என்று கடைசிப் பறிப்பை அப்படியே மரத்தில் விட்டோம். மண்ணில் விழுந்து அழுகிய காயை அப்பா மண்வெட்டியால் தள்ளிக் குவித்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் குத்தகைக்கு விட நினைப்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் பணம் என் பெயரில் வருவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

பொங்கல் நன்றாகப் பொங்கியது. கிழக்குப் பக்கம் வழிந்ததில் ஆயாவுக்கு அவ்வளவு சந்தோஷம். மொச்சைக் குழம்பும் பூசணிக்காய்ப் பொரியலும் அம்மா கைப்பக்குவம். இதற்காகவே நான்கு மணி நேரம் நிற்கலாம்.

சாப்பிட்ட பிறகு அப்பாவிடம் கேட்டுவிட்டேன். டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தூருக்குப் போய், ஒட்டுச்செடி போடும் ஒரு பெரியவரிடம் விசாரித்து வைத்திருந்தேன். பழைய மரத்தை வேரோடு தோண்ட வேண்டியதில்லை. அறுவடை முடிந்ததும் இடுப்பு உயரத்துக்கு மேலே வெட்டிவிட்டால் புதிதாகத் துளிர் வரும். நல்ல துளிராகப் பார்த்து வைத்துக்கொண்டு, அதில் வேறு ரகத்தின் குச்சியை ஒட்டலாம். வேர் பழையது என்பதால் புதுக் கன்றைவிட வேகமாக வளரும். மூன்றாவது வருஷம் காய் பார்க்கலாம் என்றார்.

பெங்களூரா பெரும்பாலும் மாங்கூழ் ஆலைக்குப் போகிற காய். ஆலைகள் வாங்குவதைக் குறைத்தால் அத்தனையையும் கொண்டுபோய்க் கொட்ட வேறு இடம் இல்லை. இமாம்பசந்து, அல்போன்சா என்றால் பழமாகவே விற்கலாம். எங்கள் விடுதியில் மட்டுமே எத்தனையோ பேர் சீசனில் பழம் வாங்கி ஊருக்கு எடுத்துப் போகிறார்கள்.

"எனக்கு 20 மரம் கொடுங்கப்பா. குத்தகை வேண்டாம்" என்றேன்.

"காய்க்கிற மரத்தை வெட்டச் சொல்றியா? மூணு வருஷம் அதுல வருமானம் இல்லாம என்ன பண்றது?"

அப்போதுதான் படிவத்தை எடுத்துக் காட்டினேன். இன்னும் ஓராண்டு வேலை செய்கிறேன், அடுத்த ஆண்டும் நீட்டித்தால் செய்கிறேன், அந்த 20 மரத்தின் வருமானத்தை என் சம்பளத்திலிருந்து தருகிறேன் என்றேன். அப்பா தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஒன்றும் பேசாமல் கரும்பை ஒடித்துத் தம்பியிடம் நீட்டினார்.

ஜனவரி 16, வெள்ளி, மாட்டுப் பொங்கல்

பசுவுக்கும் கன்றுக்கும் மஞ்சள் பூசிக் கொம்புக்கு வண்ணம் அடித்தோம். தம்பி பக்கத்து ஊர் எருது விடும் விழாவுக்கு ஓடிவிட்டான். கொம்பில் கட்டிய தட்டியைப் பறித்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். திரும்பும் வரை அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். முழங்கை சிராய்ப்போடு வந்தான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை, நல்லவேளை.

அப்பா இன்றும் பேச்சை எடுக்கவில்லை.

ஜனவரி 17, சனி, காணும் பொங்கல்

அத்தை வீட்டாரோடு கே.ஆர்.பி. அணைக்குப் போனோம். பூங்காவில் கால் வைக்க இடமில்லை. வறுத்த மீன் வாசனை வெளிச் சாலை வரைக்கும் வந்தது. 2017-இல் மதகு உடைந்து தண்ணீர் சீறிப் போனதை அத்தை மறுபடி சொன்னார். ஒவ்வொரு வருஷமும் சொல்வார், நானும் ஒவ்வொரு வருஷமும் கேட்பேன்.

அப்புறம் மெதுவாக ஆரம்பித்தார். தருமபுரியில் ஒரு வரன் இருக்கிறதாம். பையன் நல்ல வேலையாம். நான் கோபப்படவில்லை. அத்தை என் மேல் இருக்கும் பிரியத்தில்தான் கேட்கிறார். "இரண்டு வருஷம் கொடுங்க அத்தை, நானே வந்து சொல்றேன்" என்றேன். அம்மாவின் ஆசை வேறு. நான் மறுபடி குரூப் 4 எழுத வேண்டும் என்பாள். போன ஜூலை 12-ஆம் தேதி இரவு ஷிப்ட் முடித்து நேராகப் போய் எழுதினேன். மதிப்பெண் போதவில்லை. அடுத்த அறிவிப்பு வந்தால் இன்னும் ஒழுங்காகப் படித்து எழுதுவேன், அவளுக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என் மனசில் ஓடியதெல்லாம் ஜூலையில் எந்த மரத்தை முதலில் வெட்டுவது என்ற கணக்குதான். 23 வயதில் இவ்வளவு தெளிவாக ஒன்றை விரும்பியது இதுதான் முதல் தடவை.

ஜனவரி 18, ஞாயிறு

காலை 5 மணிக்குக் கிளம்பினேன். தோப்பு ஓரமாகத்தான் பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழி. பனி இன்னும் விலகவில்லை. அப்பா என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

கிணற்றுப் பக்க வரிசையில் முதல் மரத்தின் அடியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. டார்ச் அடித்தேன். இடுப்பு உயரத்தில் கை அகலத்துக்குச் சுண்ணாம்புக் கோடு. அடுத்த மரத்திலும், அதற்கடுத்ததிலும். நடந்துகொண்டே எண்ணினேன், 12 வந்தது. வாசல் பக்கம் தாத்தா முதலில் நட்ட மரத்தில் கோடு இல்லை. நானும் அதைக் கேட்டிருக்க மாட்டேன்.

"மீதி எட்டை அப்புறம் பாக்கலாம். முதல்ல இந்தப் பூ பிஞ்சாகட்டும்" என்றார் அப்பா.

பேருந்து வெளிச்சம் தூரத்தில் தெரிந்தது. பையை என் கையில் கொடுக்கும்போது பார்த்தேன், அவர் நகக்கண்ணில் சுண்ணாம்பு இன்னும் போகவில்லை.