உறுமுகிற நாயை அடிக்காதீர்கள்

கல்லிடைக்குறிச்சியில் பெரியம்மா வீட்டு முற்றத்தில் சிப்பிப்பாறை நாய் சோறு தின்றுகொண்டிருந்தது. பேரன் தவழ்ந்து கிட்டே போனான். நாய் தின்பதை நிறுத்தியது. உடம்பு விறைத்தது, தலையைத் திருப்பாமல் கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்த்தது, பிறகு உறுமியது. பெரியப்பா கம்பை எடுத்தார். "அடிக்காதீர்கள் பெரியப்பா, பிள்ளையைத் தூக்குங்கள்" என்று கத்தியேவிட்டேன்.

உறுமல் ஓர் எச்சரிக்கை. அதற்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமலே கடித்துவிடும். "நம் வீட்டு நாய்தானே, ஒன்றும் செய்யாது" என்ற பேச்சை நம் ஊரில் எத்தனை வீடுகளில் கேட்கிறோம்! எனக்கு வயிறு எரிகிறது. தின்னும்போதும், தூங்கும்போதும், குட்டி போட்டிருக்கும்போதும் நாயிடம் பிள்ளையை விடாதீர்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால், இடையில் கதவு சாத்தியே இருக்கட்டும். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்டால் சீற்றம் கூடத்தான் செய்யும். சாதுவான நாய் திடீரென்று சீறினால் காதிலோ மூட்டிலோ வலி இருக்கலாம்; கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடித்துவிட்டால் மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம். நகக்கீறலுக்கும் போக வேண்டும். பல் பதிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் (தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும்வரை காக்கும் எதிர்ப்பு மருந்து) ஊசியும் தேவை, மருத்துவரிடம் கேளுங்கள்.