குரூப் 4 தேர்வுக்குத் தலைவர்களைப் படிக்கிறீர்களா? நம்ம குமரி மாவட்டத்தில் இருந்து தொடங்குங்கள்

டிஎன்பிஎஸ்சி படிக்கிறவர்களுக்குத் தலைவர்கள், அறிஞர்கள் பகுதி முதலில் எளிதாகத்தான் தோன்றும். பிறந்த ஊர், ஆண்டு, பட்டம், எழுதிய நூல் என்று நான்கு வரி எழுதி மனப்பாடம் செய்தால் போதும் என்று நினைப்போம். ஆனால் மாதிரித் தேர்வுகளில் மதிப்பெண் சத்தமில்லாமல் கரைவது இந்தப் பகுதியில்தான். "பொருத்துக" என்று நான்கு பேரையும் நான்கு ஆண்டுகளையும் கொடுத்தால், தனித்தனியாகப் படித்த எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். காலவரிசைப்படுத்தச் சொன்னால் இன்னும் மோசம்.

எனக்கு ஊர் தக்கலைப் பக்கம். குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, அப்புறம் குரூப் 2ஏ-வும் எழுதித் தேறினேன். இப்போது வாரக் கடைசியில் நூலகத்தில் படிக்க வரும் பிள்ளைகளோடு உட்கார்வதுண்டு. அவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றைத்தான்: எந்தத் தலைவரையும் தனியாகப் படிக்காதீர்கள். அவர் யாரை எதிர்த்து நின்றார், யார் அவரோடு நின்றார், அவருக்கு முன்னால் அதே மண்ணில் யார் நின்றார் என்று சேர்த்துப் படியுங்கள். ஆண்டுகள் தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். இதைப் பழக நம்ம மாவட்டத்தைப் போல வசதியான இடம் வேறு இல்லை. பஸ் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் பாடப்புத்தகத்தில் உள்ள யாராவது ஒருவருடைய ஊர் வந்துவிடும்.

குளச்சல் போரை எடுத்துக்கொள்வோம். 1741இல், அப்போது நம்ம பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அங்கே பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் யார் என்று கேளுங்கள். அவரே பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்தார். புலியூர்குறிச்சியில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் உதயகிரிக் கோட்டைக்குள் இன்றும் அவர் கல்லறை இருக்கிறது. அந்த டிலனாயிடம் கிறிஸ்தவ சமயத்தைப் பற்றிக் கேட்டறிந்து, 1745இல் ஞானஸ்நானம் பெற்றவர் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, அதாவது தேவசகாயம் பிள்ளை. 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவில் குருவாகவோ துறவியாகவோ இல்லாத ஒருவர் புனிதர் ஆனது அதுவே முதல் முறை. பாருங்கள், போர், படைத்தளபதி, சமயம், நடப்பு நிகழ்வு என்று நான்கு வெவ்வேறு தலைப்புகளில் கேட்கக்கூடிய கேள்விகள் ஒரே இழையில் வந்துவிட்டன. குளச்சலில் தொடங்கி ஆரல்வாய்மொழி வரை வரைபடத்தில் ஒரு கோடு போட்டுவிடலாம்.

அடுத்தது 1809. இந்த ஒரு ஆண்டை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய் (தளவாய் என்றால் திருவிதாங்கூரின் முதன்மை அமைச்சர்), ஆங்கிலேயருக்கு எதிராகக் குண்டறைப் பிரகடனம் வெளியிட்டதும் உயிரை விட்டதும் 1809இல். சாமித்தோப்பில் வைகுண்ட சுவாமிகள் பிறந்ததும் அதே 1809இல். சமூக சீர்திருத்தப் பாடத்தில் வைகுண்டரைப் பற்றிக் கூற்று, காரணம் வகைக் கேள்விக்கு நிறைய இடம் உண்டு. தலைப்பாகை கட்டக் கூடாது என்று சொல்லப்பட்ட மக்களை அவர் ஏன் தலைப்பாகை கட்டி வழிபடச் சொன்னார்? எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க ஏன் முந்திரிக் கிணறு? சுவாதித் திருநாள் மன்னர் ஏன் அவரைச் சிறையில் அடைத்தார்? இந்த மூன்றுக்கும் காரணம் சொல்லத் தெரிந்தவருக்கு, எந்தக் கூற்று தவறு என்று கண்டுபிடிக்க மனப்பாடம் தேவைப்படாது. அவர் மறைந்தது 1851. தோள்சீலை உரிமைக்கான, அதாவது ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான மன்னரின் அறிவிப்பு வந்தது 1859 ஜூலையில். அதாவது வேலுத்தம்பி இறந்து ஐம்பதாண்டு கழித்து, வைகுண்டர் மறைந்து எட்டாண்டு கழித்து. அந்த அறிவிப்பை அவர் பார்க்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். தேர்வுக்கான செய்திதான், ஆனால் நம் பாட்டிகளின் பாட்டிகள் பட்ட பாடு அது. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அந்த இடத்தில் மட்டும் நான் அவசரப்படுவதில்லை.

இதே இழையை இன்னும் நீட்டலாம். 1924 வைக்கம், அதாவது அங்குள்ள கோயில் தெருக்களில் எல்லாச் சாதியாரும் நடக்க உரிமை கேட்ட போராட்டம் என்றால் பெரியார் நினைவுக்கு வருவார். அதன் தொடர்ச்சியாக 1926இல் சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக சத்தியாகிரகம் நடந்தது. அதில் முன்னின்றவர் டாக்டர் எம்.இ.நாயுடு. 1936இல் சித்திரைத் திருநாள் மன்னரின் கோயில் நுழைவு அறிவிப்பு. வைக்கத்தை மட்டும் படித்துவிட்டு சுசீந்திரத்தை விட்டுவிடுகிறவர்கள் நம்ம மாவட்டத்திலேயே அதிகம். தினமும் அந்த வழியாகப் போய் வந்துகொண்டே விட்டுவிடுகிறார்கள்.

சரி, தமிழ்ப் பகுதிக்கு வருவோம். பொதுத்தமிழில் நூறு கேள்விகள், ஆளை நிர்ணயிக்கும் பகுதி அது. நாகர்கோவிலில் இருந்து சுசீந்திரம் போகிற வழியில் இடலாக்குடி. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் பிறந்த ஊர். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் அவருடைய நீதிவெண்பா இருக்கிறது. 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா அரங்கத்தில் நூறு செயல்களை ஒரே நேரத்தில் செய்துகாட்டினார். அவர் பிறந்தது 1874. பக்கத்திலேயே தேரூர். அங்கே 1876இல் பிறந்தவர் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை. இரண்டு ஊருக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான், இரண்டு பேருக்கும் நடுவே இரண்டே ஆண்டு. மறைந்ததிலும் அதே வரிசைதான், பாவலர் 1950, கவிமணி 1954. இப்படிச் சேர்த்து வைத்துக்கொண்டால் வாழ்நாள் முழுக்கக் குழப்பம் வராது.

கவிமணி பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அவருடைய நூல்களில் எது தழுவல், எது சொந்தம் என்று பிரிக்கச் சொல்லிக் கேட்பார்கள். ஆசிய ஜோதிக்கு மூலம் எட்வின் அர்னால்டின் ஆங்கில நூல். உமர் கய்யாம் பாடல்கள் பிட்ஜெரால்டின் ஆங்கில வழியாக வந்தவை. மலரும் மாலையும் அவருடைய சொந்தக் கவிதைகளின் தொகுப்பு. நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம் இதற்கெல்லாம் வேறுபட்டது. சொத்து மகனுக்குப் போகாமல் மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்குப் போகும் முறையால் வெள்ளாளர் குடும்பங்களில் பெண்களும் குழந்தைகளும் பட்ட துன்பத்தை ஒரு பெண்ணின் வாயாலேயே சொல்ல வைத்த நூல். அந்த முறையை மாற்ற 1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் கொண்டுவந்தது. "மங்கையராகப் பிறப்பதற்கே நல்ல மாதவம் செய்திட வேண்டுமம்மா" என்ற வரியை எழுதியவர் யார் என்று கேட்டால், பாரதியார் என்று குறித்துவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர். மான்மியம் எழுதிய கை எது என்று தெரிந்தவர் அந்தத் தவற்றைச் செய்ய மாட்டார். பெண்களின் துயரத்தை அவ்வளவு நெருக்கமாகப் பார்த்தவருடைய வரி அது. நூல் பெயரை மட்டும் படிக்காமல், நூலகத்தில் அந்த மான்மியத்தை எடுத்து நான்கு பக்கம் வாசியுங்கள் என்று நான் வற்புறுத்துவேன். அதற்குச் செலவாகும் ஒரு மணி நேரம் வீணாகாது.

பாவலர் சென்னையில் சதாவதானம் செய்த அதே 1907இல் பூதப்பாண்டியில் பிறந்தவர் ஜீவா. அடுத்த ஆண்டு, 1908இல், ஒழுகினசேரியில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். ஒருவர் பொதுவுடைமை மேடையில், இன்னொருவர் திரையில். கலைவாணர் மறைந்தது 1957, ஜீவா 1963. ஜீவாவின் இதழ்கள் என்று ஜனசக்தியையும் தாமரையையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள், இரண்டும் அடிக்கடி வரும்.

இனி எல்லை மீட்புப் போராட்டம், அதாவது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்க நடந்த போராட்டம். என்னைக் கேட்டால் நம்ம மாவட்டத்துப் பிள்ளைகள் ஒரு மதிப்பெண்ணைக்கூட விடக் கூடாத பகுதி இது. மார்ஷல் நேசமணி 1895இல் பள்ளியாடியில் பிறந்தார். வழக்கறிஞர், திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் தலைவர். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராட்டக்காரர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அப்போது திருவிதாங்கூர்-கொச்சியின் முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை. அவருடைய சொந்தக் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியாவே பதவி விலகுங்கள் என்றார். புதுக்கடையில் நடந்த ஒன்று டெல்லி அரசியல் வரை போய் ஒரு கட்சியையே உலுக்கியது. கவிமணி காலமானது அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கு அடுத்த மாதம் என்று பக்கத்திலேயே எழுதிவைத்தால் 1954 இரண்டு நிகழ்ச்சிக்கும் உதவும். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைந்தன. செங்கோட்டையின் ஒரு பகுதியும் வந்தது, ஆனால் அது திருநெல்வேலியோடு. அன்றைக்கு முதலமைச்சர் காமராஜர்.

இதே காமராஜர் 1967இல் விருதுநகரில் தோற்றார். 1968இல் நேசமணி மறைந்ததால் நாகர்கோவில் நாடாளுமன்றத் தொகுதி காலியானது. 1969 இடைத்தேர்தலில் அங்கே நின்று வென்றார், 1971இலும் அதே தொகுதி. 1975 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில், நம்ம தொகுதியின் உறுப்பினராக இருக்கும்போதே காலமானார். நேசமணியையும் காமராஜரையும் இரண்டு தனிப் பாடமாகப் படித்தவருக்கு இந்த இணைப்பு கிடைக்காது. குரூப் 2 முதன்மைத் தேர்வில் விரிவாக எழுதும்போது இப்படி ஒரு வரி உங்கள் விடையை மற்றவர்கள் விடையில் இருந்து தனித்துக் காட்டும்.

குறிப்பெடுக்கும் முறை பற்றியும் கேட்பார்கள். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு வேண்டாம். நீளமான நோட்டில் இடது ஓரம் ஆண்டு, நடுவில் நிகழ்ச்சி, வலது ஓரம் ஊர். ஒருவருடைய பிறப்பு ஒரு பக்கத்திலும் இறப்பு வேறு பக்கத்திலும் வரும், பரவாயில்லை. அப்போதுதான் அவருக்கு நடுவே யாரெல்லாம் வாழ்ந்தார்கள் என்று கண்ணில் படும். பாடநூலில் உள்ள ஆண்டும் கையேட்டில் உள்ள ஆண்டும் மாறுபட்டால் பாடநூலை வைத்துக்கொள்ளுங்கள். நம்ம மாவட்டம் நிரம்பியதும் அதே நோட்டில் எட்டயபுரம், வடலூர், ஈரோடு என்று வெளியே போங்கள். மார்த்தாண்ட வர்மாவுக்குக் கீழே பூலித்தேவன் வருவார், வேலுத்தம்பிக்கு மேலே மருது சகோதரர்கள் வருவார்கள். தமிழ்நாடு முழுக்க இந்த நோட்டுக்குள் அடங்கிவிடும்.

நேரம் கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஊர்களுக்குப் போய் வருவதையும் படிப்பாகவே எண்ணுங்கள். உதயகிரிக் கோட்டை, நாகர்கோவிலில் நேசமணி மணிமண்டபம், ஜீவா மணிமண்டபம், இடலாக்குடியில் பாவலர் மணிமண்டபம், கன்னியாகுமரியில் காந்தி மண்டபமும் காமராஜர் மண்டபமும். விவேகானந்தர் பாறையும் வள்ளுவர் சிலையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அங்கே நிற்கும்போது எண்களைச் சொல்லிப் பாருங்கள்: விவேகானந்தர் வந்தது 1892, நினைவு மண்டபம் 1970, சிலை திறந்தது 2000 ஜனவரி 1, பீடம் 38 அடி, சிலை 95 அடி, சிற்பி கணபதி ஸ்தபதி. இரண்டையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது.

கடைசியாக நடப்பு நிகழ்வுகள். இஸ்ரோ தலைவராக 2018 முதல் 2022 வரை இருந்த சிவன் நம்ம மாவட்டத்துக்காரர், சந்திரயான் 2 அவர் காலத்தில் போனது. 2025 ஜனவரியில் அந்தப் பொறுப்பேற்ற நாராயணனும் நம்ம மாவட்டம்தான், மேலக்காட்டுவிளை. சாகித்திய அகாதமி விருதில் பொன்னீலன் 1994, தோப்பில் முகமது மீரான் 1997, நாஞ்சில் நாடன் 2010. விருதுகள் மாறாதவை, ஒருமுறை படித்தால் போதும். பதவியில் இருப்பவர்களின் பெயர்கள் மாறக்கூடியவை, அவற்றைத் தேர்வுக்கு முந்தைய வாரம் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.