மீன்பிடித் தடைக்காலம் முடியும் வாரம்

2025 ஜூலை 28, திங்கள்

இன்னும் மூன்று நாள். ஜூன் 1-ல் இருந்து கரையில் கிடக்கிற மனுஷன், இன்று காலையிலேயே துறைமுகத்துக்குப் போய்விட்டு இருட்டிய பிறகுதான் வந்தார். சட்டை முழுக்க பெயிண்ட். அறுபத்தொரு நாள் வீட்டில் இருந்தால் சண்டை, போகப்போகிறார் என்றால் வயிற்றைப் பிசைகிறது. என்ன ஜென்மமோ நான்.

ஜூலை 29

மாத்திரை, டார்ச், ஊறுகாய், பழைய போர்வை. மாத்திரை இரண்டு அட்டை.

ஜூலை 30, புதன்

பால் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் "சுனாமியாமே" என்றார், ஏதோ வெங்காய விலை சொல்கிற மாதிரி. மீதிச் சில்லறையை வாங்காமலே வந்துவிட்டேன்.

ரஷ்யாவில், கம்சட்கா. கடலுக்கடியில் 8.8. நம் நேரத்துக்கு அதிகாலை 4.54. அந்த நேரத்தில் நான் விழித்துத்தான் கிடந்தேன், ஒன்றும் தெரியவில்லை. எப்படித் தெரியும்!

அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்க்கிறார். செவெரோ குரில்ஸ்க் என்று ஒரு ஊர், அங்கே துறைமுகமும் மீன் தொழிற்சாலையும் தண்ணீருக்குள். ஜப்பானில் கிட்டத்தட்ட 20 லட்சம் பேரை மேட்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். வந்த அலை 130 சென்டிமீட்டர்தானாம். அதற்கே இத்தனை பேரை ஏற்றினார்கள் பாருங்கள் என்று வாசலில் நின்று யாரோ கிண்டலாகப் பேசினார்கள். எனக்குக் கிண்டலாக இல்லை. இந்தியாவுக்கு ஆபத்து இல்லை என்று ஹைதராபாத்தில் இருக்கும் எச்சரிக்கை மையம் சொல்லிவிட்டது, சரி. அது வந்ததே 2007-ல்தான்.

பத்தாவது படிக்கிற மகன் சொல்கிறான், 2004 சுனாமி அன்றைக்கு 9.1, இன்றைக்கு 8.8, 0.3 தானே என்று நினைக்கக் கூடாதாம், சக்தி கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசமாம். பாடம் ஒப்பிக்கிற குரல்.

ராத்திரி, அதே நாள்

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26, சுமத்ராவில் ஆடியது நம் நேரத்துக்கு 6.28-க்கு. இங்கே குமரி மேற்குக் கரையில் தண்ணீர் ஏறியது பத்து மணிக்கு மேல். நடுவில் மூன்றரை மணி நேரம் இருந்தது. அந்த மூன்றரை மணி நேரத்தைத்தான் நான் இத்தனை வருஷமாகப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிறு. தலைக்குக் குளித்தோம். கோவிலுக்குப் போய் வந்தோம். அம்மா முந்தைய நாள் கறியைச் சூடு பண்ணினாள். குடிலில் ஒரு செம்மறி ஆட்டுக்குக் கால் உடைந்திருந்தது, நீதான் உடைத்தாய் என்று தம்பியும் நானும் சண்டை. அலையோ அந்நேரம் மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில், இலங்கையைச் சுற்றி வளைந்து வந்துகொண்டிருந்தது. சொல்ல ஆள் இல்லை.

கடலுக்கு முதுகைக் காட்டி ஓடினோம். முன்னால் ஏ.வி.எம். கால்வாய். அவ்வளவுதான், அதற்கு மேல் இன்று எழுத முடியாது.

அப்பா அன்று வீட்டில் இல்லை. எஞ்சின் கெட்டுப்போய்க் கிறிஸ்துமஸுக்குக்கூட வந்து சேரவில்லை, அம்மா இரண்டு நாளாகத் திட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஆழ்கடலில் இருந்தார், ஒன்றுமே தெரியவில்லை. அங்கே அந்த அலை ஒரு மீட்டர்கூட எழும்பாதாம், அதன் நீளமோ நூறு இருநூறு கிலோமீட்டர், போட் ஏறி இறங்குவதுகூடத் தெரியாதாம். "எண்ணெய் மாதிரி கிடந்துது மக்களே" என்பார், எத்தனை தடவை கேட்டாலும் அதே வார்த்தை. வயர்லெஸில்தான் கேள்விப்பட்டார்.

சாப்பிடும்போது மகன், "அப்போ கடல்ல இருக்கதுதானே சேஃப்?" என்று கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை. அவன் தலைக்கு நேர் மேலே சித்தப்பா போட்டோ. 2017 நவம்பரில், ஒக்கி புயலில் போனவர். அதில் கரையில் நின்ற நாங்கள் தப்பித்தோம், கடலில் இருந்தவர்கள் வரவில்லை. யார் எங்கே இருந்தால் நல்லது, இதைக் கணக்குப் போடவே முடியவில்லை.

ஜூலை 31

வாசலில் இருந்து கால்வாய்ப் பாலம் வரைக்கும் 212 எட்டு. செருப்போடு. புது வீடு, பழைய வீடு இல்லை, ஆனாலும் எண்ணினேன்.

போட் எங்கே நிற்கிறது என்று கரைக்குச் சொல்கிற டிரான்ஸ்பாண்டர் வேலை செய்கிறதா என்று மூன்றாவது தடவை கேட்டதற்கு இவர், "நான் என்ன கம்சட்காவுக்கா போறேன்?" என்றார். சிரித்துவிட்டேன். அப்புறம் கோபம் வந்து பேசவில்லை.

நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் துறைமுகம். எல்லாப் போட்டிலும் விளக்கு, ஐஸ் அரைக்கிற சத்தம், டீசல் வாடை, பாட்டு. அப்பாவும் கம்பை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார், முட்டுவலியோடு. ஜெபித்துக் கையைத் தலையில் வைப்பார் என்று பார்த்தேன். எஞ்சின் அறைக்குள் எட்டிப் பார்த்து, "ஆயில் மாத்தியாச்சா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

ஆகஸ்ட் 1

ஒரு நாள் தொழிலுக்குப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். கணவாய், கிளிமீன். இவர் தங்கல், வர பத்து நாளாவது ஆகும்.

ஆகஸ்ட் 2

கம்சட்காவில் இன்னும் பின்னதிர்வு வந்துகொண்டிருக்கிறதாம். அப்பா விடாமல் பார்க்கிறார். ரிமோட்டை ஒளித்து வைத்தேன், கண்டுபிடித்துவிட்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பூசை முடிந்து பாலத்தின் மேல் நின்றேன். ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பாட்டிலும். இந்தத் தண்ணீர் இடுப்பளவுகூட வராது. இதில் எப்படி? இதில் போய் எப்படி?

ஆகஸ்ட் 4

போன் இல்லை. ரேஞ்ச் இருக்காதுதான், தெரியும்.

ஆகஸ்ட் 5

மத்தியானம் அப்பாவுக்குச் சோறு போட்டேன், தொடவில்லை. டிவி ஓடவில்லை. திடீரென்று, "அன்னைக்கு காலையில அவன் என்ன தின்னான்?" என்றார். இருபது வருஷத்தில் இதுதான் முதல் தடவை, எதுவும் கேட்டதில்லை அவர். ஆப்பம் வேண்டாம் என்றான், முந்திரிக்கொத்து மட்டும் தின்றான், மூன்றோ நாலோ, ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான் என்றேன். "எந்தச் சட்டை?" என்றார்.

போன் அடிக்கிறது, புது நம்பர், எடுத்துவிட்டு வந்து